மலத்தில் ரத்தமா? 'மூலம்'னு முடிவு பண்றதுக்கு முன்னாடி குடும்பத்தைக் கொஞ்சம் விசாரிங்க!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு வந்தது மலக்குடல் புற்றுநோய். முதலில் அதைச் சீதபேதி என்றே நினைத்தார்கள். 1923-ல் தங்கை இறந்துபோனார். அந்தத் துயரம்தான் 1954-ல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது.

இன்றும் மலத்தில் ரத்தம் வந்தால், 'உடம்பு சூடு, மூலமா இருக்கும்'னு விட்டுடுறோம். பெரும்பாலும் அது மூலம்தான். ஆனா, உங்க ரத்த சொந்தத்துல யாருக்காவது சின்ன வயசுலயே குடல் புற்றுநோய் வந்திருந்தா, அப்படி விடக் கூடாது. காரணம், சில குடல் புற்றுநோய்கள் மரபணு வழியாகத் தொடர்பவை.

லிஞ்ச் சிண்ட்ரோம்

செல்கள் பெருகும்போது டி.என்.ஏ-வில் விழும் பிழைகளைத் திருத்த எம்.எல்.ஹெச்1, எம்.எஸ்.ஹெச்2 போன்ற மரபணுக்கள் இருக்கின்றன. இவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால் பெருங்குடல், கருப்பை, சினைப்பை, இரைப்பை, சிறுநீர்க்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும்.

எஃப்.ஏ.பி

இது ஏ.பி.சி மரபணுவின் பழுது. டீன் ஏஜிலேயே பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் 'பாலிப்' எனும் சதை வளர்ச்சிகள் முளைக்கும். கவனிக்காவிட்டால் 40 வயதுவாக்கில் ஏறக்குறைய எல்லோருக்குமே புற்றுநோயாக மாறிவிடும். சிறுகுடல், தைராய்டிலும் கட்டிகள் வரலாம்.

இந்த இரண்டிலும், பெற்றோரில் ஒருவருக்குப் பழுது இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50% வாய்ப்பு உண்டு. இருவரிடமிருந்தும் பழுது வந்தால் மட்டுமே நோயாகும் வகைகளும் உள்ளன. சொந்தத்தில் கல்யாணம் செய்பவர்கள் இதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

யார் உஷாராகணும்?

'3-2-1' என்று நினைவில் வையுங்கள். நெருங்கிய ரத்த சொந்தத்தில் 3 பேர், 2 தலைமுறை, அதில் ஒருவருக்காவது 50 வயதுக்குள் இந்தப் புற்றுநோய்கள். இப்படி இருந்தால் மரபணு ஆலோசனை அவசியம்.

என்ன செய்யணும்?

முதலில் நோய் வந்தவருக்கு மரபணுப் பரிசோதனை. பழுது உறுதியானால், அதே பழுதைச் சொந்தங்களிடம் தேடலாம். லிஞ்ச் இருப்பவர்களுக்குப் பொதுவாக 20-25 வயதிலிருந்து 1-2 வருடத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி, எஃப்.ஏ.பி-க்கு 10-12 வயதிலேயே தொடங்க வேண்டும்.

திண்டிவனம்-புதுச்சேரி சாலையில் இருக்கும் கிளியனூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஜிப்மர் இருக்கிறது. போகும்போது யாருக்கு, எந்த வயதில், என்ன புற்றுநோய் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்க. 'பொண்ணு கல்யாணம் தடைபடும்'னு வீட்டுக்குள்ளயே மறைக்காதீங்க. உங்களுக்குப் பழுது இருக்குன்னு தெரிஞ்சா, தம்பி, தங்கச்சிக்கு அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லுங்க.