டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட், டயட் கோச்: என்ன வித்தியாசம்? யாரை நம்பிப் போகலாம்?

உடல் எடையைக் குறைக்கணுமா, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கணுமா? செல்போனைத் திறந்தாலே ஆலோசனை சொல்ல வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் டயட்டீஷியன், இன்னொருவர் நியூட்ரிஷனிஸ்ட், அடுத்தவர் 'சர்டிஃபைடு கோச்'. எல்லாம் ஒண்ணுதானே என்று நினைக்காதீங்க. மூன்றுக்கும் பின்னால் இருக்கும் படிப்பு வேறு.

ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன் என்றால் யார்?

சுருக்கமாக ஆர்.டி. இந்திய உணவியல் சங்கம் நடத்தும் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்கள். உணவியல் அல்லது ஊட்டச்சத்துத் துறையில் முதுநிலை அளவிலான படிப்பு, அதோடு மருத்துவமனைப் பயிற்சி முடித்தவர்கள்தான் இந்தத் தேர்வை எழுத முடியும். நோயாளிகளுக்கான உணவுத் திட்டம் வகுப்பது இவர்களின் முக்கியப் பணி.

நியூட்ரிஷனிஸ்ட்?

இந்தப் பெயர் கொஞ்சம் குழப்பமானது. எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்துப் பொதுச் சுகாதாரத்தில் பணியாற்றுபவரும் நியூட்ரிஷனிஸ்ட்தான். சில வார ஆன்லைன் கோர்ஸ் முடித்தவரும் அப்படியே போட்டுக்கொள்கிறார். அதனால் பட்டத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் நம்ப முடியாது.

டயட் கோச்?

பழக்கவழக்கத்தை மாற்றிக்கொள்ள ஊக்கம் தரலாம். ஆனால் கோச் சான்றிதழ் என்பது நோய்க்கு உணவு ஆலோசனை சொல்வதற்கான தகுதி அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

இணை சுகாதாரத் துறையினருக்காக 2021-ல் தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இருவரும் இருக்கிறார்கள். மத்திய, மாநிலப் பதிவேடுகளுக்கும் அதில் வழி செய்யப்பட்டுள்ளது. பிரிட்டனில் பதிவு செய்யாதவர் 'டயட்டீஷியன்' என்று போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். ஆனால் 'நியூட்ரிஷனிஸ்ட்' என்ற பெயருக்கு அங்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அமெரிக்காவில் டயட்டீஷியன் பதிவுத் தேர்வு எழுத, 2024 ஜனவரி 1 முதல் முதுநிலைப் பட்டம் கட்டாயம்.

தவறினால் என்ன ஆகும்?

இளநீரும் வாழைப்பழமும் பலருக்கு நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு அவற்றிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் கூடி, இதயத் துடிப்பையே பாதிக்கலாம். இன்சுலின் போடுபவர் திடீரென அரிசிச் சோற்றை நிறுத்தினால், சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கலாம். எனவே சர்க்கரை, சிறுநீரக நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டு, டயட்டீஷியனிடம் போவதே நல்லது.

பணம் கட்டும் முன் கேளுங்க

* என்ன பட்டம், எந்தப் பல்கலைக்கழகம்?
* மருத்துவமனைப் பயிற்சி உண்டா? ஆர்.டி. பதிவு எண் என்ன?
* பெயருக்கு முன் 'டாக்டர்' என்றால், எம்.பி.பி.எஸ்ஸா, பிஎச்.டி.யா?
* உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவையும் மருந்துச் சீட்டையும் கேட்டாரா?
* தன்னிடமே பவுடர், மாத்திரை வாங்கச் சொல்கிறாரா?

மாத்திரையை நிறுத்தச் சொன்னால் உஷாராகிடுங்க. மருந்தை மாற்றும் முடிவு உங்கள் டாக்டருடையது. நல்ல டயட்டீஷியன் அதில் தலையிட மாட்டார்.