தெளிப்புக் காப்புறை (லாரி)

லாரியின் வெளிப்புறம் முழுவதும் ஐசோசயனேட், அமீன் என்னும் இரு திரவங்களைச் சூடாக்கி, தெளிப்பானின் வாயில் கலந்து பீய்ச்சி, சில நொடிகளில் ரப்பர்போல் இறுகவிடும் பாலியூரியா பூச்சு. சரக்குத் தொட்டியைக் கீறலிலிருந்து காக்க வந்த முறையை உடல் முழுக்க நீட்டுவது வீண்செலவு என்றே சொல்ல வேண்டும். காயல்பட்டினத்தை அடுத்த ஆறுமுகநேரி உப்பளங்களில் பாரம் ஏற்றும் லாரியைப் பாருங்கள்: துரு பளபளக்கும் கதவில் தொடங்குவதில்லை, சேசிஸ் மூட்டிலும், ரிவெட் தலையிலும், மட்கார்டின் உள்மடிப்பிலும் ஈர உப்பு தங்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. வெளியே தெளிப்பது அங்கே எட்டாது. மேற்பரப்பை உப்பு நீங்கக் கழுவி, துருவைச் சுரண்டி எடுக்காமல் பூசினாலோ, உள்ளே சிக்கிய உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளமாகும். அது உடையும்வரை அரிப்பு கண்ணில் படாது.

கல் தெறிப்புக்கும் கயிற்று உராய்வுக்கும் பெயின்ட் தாங்காதே என்பார்கள். உண்மைதான்; அதற்குத் தொட்டியின் உட்புறமும் அடிப்பாகமும் போதும். பூச்சின் எடையோ 2 மி.மீ. கனத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ. லாரி முழுக்க 60 சதுர மீட்டர் என்று கொண்டால் 120 கிலோ, அத்தனையும் வாடகை தராத பாரம். இதே கரையில் ஃபைபர் படகு உப்பில் நிற்கிறதே என்றால், அதன் உடலில் துருப்பிடிக்க இரும்பு இல்லை. பூச்சால் லாரியின் நிறம் மாறினால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டிய அலைச்சல் தனி.