சாம்பிள் ராப்

பழைய இசைத்தட்டின் தாளத் துணுக்கொன்றை வெட்டிச் சுழலவிட்டு, அதன்மேல் ராப் வரிகளை அடுக்கும் கொண்டாட்ட இசை. 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க், ஆடுவோருக்காக ஒரே ஃபங்க் இசைத்தட்டின் இரு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, டிரம்ஸ் பகுதியை நீட்டினார். ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த சில நொடித் தாளம் எண்ணற்ற ராப் பாடல்களுக்கு அடித்தளமானது. டி லா சோல் குழு 1989இல் இந்த சாம்பிள் ராப்பில் நகைச்சுவையைக் குழைத்தது.

தமிழில் ராப்பின் குறும்பை ஊரெல்லாம் கொண்டு சேர்த்தது 'காதலன்' (1994) படத்தின் 'பேட்டை ராப்'. ஏ.ஆர். ரஹ்மானின் துள்ளிசையில் சென்னைப் பேச்சு. சுரேஷ் பீட்டர்ஸின் வேகத்தோடு தேனி குஞ்சரம்மாளின் நாட்டுப்புறக் குரல்.

மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா குழுவினர், 'நிழல்கள்' (1980) படத்துக்கு இளையராஜா அமைத்த 'மடை திறந்து' பாட்டை 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தில் ராப்பாக வார்த்தனர்.