லாரி கன்வெர்ட்டர்
கனரக லாரியின் 24 வோல்ட் மின்சாரத்தை, கேபினில் உள்ள பாட்டுப்பெட்டி, ஃபேன் போன்றவற்றுக்கு ஏற்ற 12 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் கருவி. லாரி பாடி கட்டுவதற்குப் பேர்பெற்ற நாமக்கல் வட்டாரத்து வண்டிகளும், அயோத்தியாப்பட்டணம் வழியே உளுந்தூர்பேட்டைக்கு ஓடும் வண்டிகளும் வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பவை. ஓட்டுநருக்குக் கேபின்தான் வீடு.

கன்வெர்ட்டர் பழுதானால் சிலர் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் நேராக 12 வோல்ட் ஒயர் இழுத்துவிடுகிறார்கள். இது பெருந்தவறு. தொடராக இணைந்த இரண்டுக்கும் ஒரே சார்ஜிங் மின்னோட்டம்தான் பாய்கிறது. ஒயர் இழுத்த பேட்டரி நிறையாமலே கிடக்க, மற்றது அளவுக்கு மீறி ஏறித் தண்ணீர் வற்றுகிறது. கடைசியில் இரண்டுமே கெடும்.

பழுது பார்க்கையில் முதலில் பியூஸ், பிறகு எர்த் ஒயர். முனையில் வெண்பச்சையாகப் பூத்திருந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, சோடா உப்புக் கரைசலால் கழுவி, காயவைத்து, இறுக்கியபின் வாசலின் தடவ வேண்டும். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறத்தாழ 28 வோல்ட் இருப்பது சரி; 30-ஐத் தாண்டினால் குறை ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டரில். கன்வெர்ட்டருக்குள் தலை உப்பிய கெபாசிட்டரை மாற்றியே ஆக வேண்டும். அலுமினியத் துடுப்புகளில் படியும் புழுதியைத் தூரிகையால் துடைத்தாலே சூடு தணியும். கன்வெர்ட்டர்மேல் போர்வையை மடித்து வைக்கக் கூடாது.