கணுக்கால் அழுத்தம்: கால் நோயின் அளவுகோல் இதய இடரின் அறிகுறியான வரலாறு

மல்லாந்து படுத்திருப்பவரின் கணுக்காலில் அளந்த சிஸ்டாலிக் ரத்த அழுத்தத்தை மேற்கையில் அளந்ததால் வகுத்தால் கிடைப்பது கணுக்கால்–கை விகிதம். நாடி அலை இதயத்தை விட்டு விலகிச் செல்லச் செல்ல அதன் உச்சம் உயரும். ஆகவே தமனிகள் நலமாக உள்ளவருக்குக் கணுக்கால் அழுத்தம் கையைவிட 10 முதல் 15 மி.மீ. பாதரசம் கூடுதலாக இருக்கும். வழியில் கொழுப்புப் படிந்து தமனி குறுகியிருந்தால் அது சரியும். விகிதம் 0.90 அல்லது அதற்கும் கீழே இருந்தால் கால் தமனி நோய் என்று கொள்வது இன்றைய வழக்கம். அந்த எல்லை எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது, பிறகு எந்தக் கேள்விக்கு எடுத்தாளப்பட்டது என்பதைக் கவனித்தால்தான் இந்த அளவீட்டின் இன்றைய நிலை விளங்கும்.

கை கால்களின் அழுத்த வேறுபாட்டைத் தமனி நோயோடு இணைத்து 1950இல் எழுதியவர் அமெரிக்க மருத்துவர் டிராவிஸ் வின்சர். அறுபதுகளில் டாப்ளர் கருவி வந்ததும், நாடி விரலுக்குத் தட்டாத காலிலும் அழுத்தத்தை அளக்க முடிந்தது. 1968இல் கார்ட்டர், 1969இல் யாவோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரைகள் அழுத்தக் குறைவுக்கும் அடைப்புக்கும் உள்ள உறவை நிலைநாட்டின. அடைப்பு உண்டா, எவ்வளவு கடுமை என்பதே அவர்களின் கேள்வி. ஆஞ்சியோகிராமுடன் ஒப்பிட்ட இத்தகைய ஆய்வுகளிலிருந்தே 0.90 என்ற வரம்பு உருவாயிற்று.

அடுத்த திருப்பத்துக்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை, தேவைப்பட்டது பொறுமை. கால்வலி என்று வந்தவர்களை விடுத்து, ஊரில் நலமாக நடமாடுபவர்களை அளந்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். எடின்பரோ ஆய்வில் 55 முதல் 74 வயது வரையிலான 1,592 பேர் சேர்க்கப்பட்டனர். சான் டியாகோவில் கிரிக்கி குழுவினர் 565 பேரைப் பத்தாண்டுகள் கவனித்து 1992இல் முடிவை வெளியிட்டனர்: பெரிய கால் தமனிகளில் நோய் இருந்தவர்கள் இதய, ரத்தக்குழாய் நோயால் இறக்கும் இடர் மற்றவர்களைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. கால்வலியே இல்லாதவர்களுக்கும் இடர் கூடியிருந்தது. காலில் படியும் கொழுப்பு இதயத் தமனியையும் மூளைத் தமனியையும் விட்டுவைப்பதில்லை.

விகிதம் மிகையானாலும் ஆபத்தே. அமெரிக்கப் பழங்குடியினரிடையே நடந்த ‘ஸ்ட்ராங் ஹார்ட்’ ஆய்வு, 1.40ஐத் தாண்டியவர்களிடமும் இறப்பு கூடுவதை 2004இல் காட்டியது. நீரிழிவால் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகினால், அழுத்தம் அளக்கக் காலில் கட்டும் பட்டை அழுத்தினாலும் குழாய் மடங்காது. அளவு பொய்யாக உயரும். இது நமக்கு நெருக்கமான செய்தி. 2000இல் வெளியான சென்னை நகர்ப்புற ஆய்வு, 0.90க்குக் குறைந்த விகிதத்தை வைத்து, மொத்தத்தில் 3.2 சதவீதத்தினருக்கும் நீரிழிவு உள்ளவர்களில் 6.3 சதவீதத்தினருக்கும் கால் தமனி நோய் இருப்பதாகக் கண்டது. தமனி இறுகியவர்கள் இந்தக் கணக்கில் தப்பிவிடக்கூடும்.

16 ஆய்வுகளைத் தொகுத்த 2008ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில் 48,000க்கும் மேற்பட்டோர் இடம்பெற்றனர். விகிதம் 0.90 அல்லது அதற்குக் குறைவாக இருந்த ஆண்களில் 18.7 சதவீதம் பேர் பத்தாண்டுக்குள் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தனர், 1.11 முதல் 1.40 வரை உள்ளவர்களில் அது 4.4 சதவீதம். பெண்களில் 12.6, 4.1. இடைப்பட்ட 0.91–1.10 பகுதியிலும் இடர் சற்றே கூடியிருந்தது. அடைப்பைக் கண்டறியப் பொருந்திய 0.90, இடரை அளப்பதற்கு இயல்பான எல்லை ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இடரை அறிந்தால் தடுக்க இயலுமா? ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ 29,000 பேரைப் பரிசோதித்து, விகிதம் 0.95ஐத் தாண்டாத 3,350 பேருக்கு ஆஸ்பிரின் அல்லது வெற்று மாத்திரை கொடுத்தார்கள். 2010இல் வந்த முடிவு: ஆஸ்பிரினால் பயனில்லை. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018இலும், அறிகுறியற்றவர்களுக்கு இப்பரிசோதனையைப் பரிந்துரைக்கவோ மறுக்கவோ சான்று போதாது என்றது. ஸ்காட்லாந்து முடிவை வைத்து அளவீட்டையே ஒதுக்குவது தவறு என்பது என் கருத்து. அங்கே சோதிக்கப்பட்டது ஒரே ஒரு மருந்து. டென்மார்க்கில் 65 முதல் 74 வயது வரையிலான ஆண்களுக்குக் கணுக்கால் அளவீட்டோடு வயிற்றுப் பெருந்தமனி வீக்கம், உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் சேர்த்துப் பரிசோதித்தபோது மொத்த இறப்பு 7 சதவீதம் குறைந்தது என 2017இல் அறிவிக்கப்பட்டது. அந்த 7 சதவீதத்தில் கணுக்கால் அளவீட்டின் பங்கு எவ்வளவு என்பதை அந்த ஆய்வின் அமைப்பைக் கொண்டு பிரித்தெடுக்க முடியாது.