சுங்கச் சாடியா, தண்ணீர்ச் சாடியா?
நாணேகாட் கணவாய் ஏறிய கதை

நாம் பிழைக்க வந்த மண்ணின் வரலாற்றைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழு அன்பர்கள் கேட்டார்கள். கல்யாணில் நாற்பது ஆண்டுகளாகப் பாத்திரக்கடை நடத்துகிறேன். நான் வரலாறு படித்தது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான், கல்லூரியில் இல்லை. ஆகவே பிழை இருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

எடுத்துக்கொண்ட பொருள், கல்யாணிலிருந்து ஜுன்னர் திராட்சைச் சீமைக்கு ஏறும் நாணேகாட் கணவாய். அந்த வழியாக ஒரு காலத்தில் யவனர் மது மலையேறியது. நான் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். கள், ஊன், தேன் மூன்றையும் விலக்குவது எங்களுக்கு மூலகுணம். "நீங்க போய் மதுவைப் பத்தி எழுதறதா?" என்று வீட்டில் கேட்டார்கள். விரதம் எனக்குத்தான், சரித்திரத்துக்கு இல்லையே என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

முதலில் 'காட்' என்ற சொல். மராத்தியில் அது கணவாயைக் குறிக்கும். மலைத்தொடரின் பெயர் சஹ்யாத்ரி. ஆங்கிலேயர் கணவாய்க்குரிய சொல்லை மலை முழுவதற்கும் சூட்டி 'வெஸ்டர்ன் காட்ஸ்' என்றார்கள். 'நாணே' என்றால் காசு. நம் 'நாணயம்' என்ற சொல்லுக்கு உறவு. ஆக நாணேகாட் என்பது காசுக்கணவாய்.

இந்த மலைச்சுவர் இரண்டு வேலை செய்கிறது. தென்மேற்குப் பருவமழையைக் கொங்கணப் பக்கமும் உச்சி விளிம்பிலும் கொட்டவைக்கிறது. கிழக்கே போகப் போக மழை குறைகிறது. குளிர்காலம் உலர்ந்த காற்றும் இதமான இரவுமாக இருக்கிறது. ஜுன்னர், நாராயண்காவ், நாசிக் பக்கமெல்லாம் திராட்சை செழிப்பதற்கு இது முக்கிய காரணம். ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் காய்ப்புக் கவாத்து என்று ஆண்டுக்கு இருமுறை கொடியை வெட்டுகிறார்கள். மதுவுக்கான பழத்தை ஜனவரி முதல் மார்ச் வரை பறிக்கிறார்கள். 1999இல் நாசிக்கில் சூலா நிறுவனம் தொடங்கப்பட்டது. 2001இல் மகாராஷ்டிர அரசு திராட்சை மதுவுக்கென்று தனிக்கொள்கை கொண்டுவந்தது. இன்று மது மலையிறங்கி மும்பைக்கு வருகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நேர்மாறாக, கடலிலிருந்து மலையேறிப் போனது.

சென்ற குளிர்காலத்தில் என் பேரன் சைக்கிள் கோஷ்டியோடு கிளம்பினான். 2015இல் நாசிக்கைச் சேர்ந்த மகாஜன் சகோதரர்கள், இருவரும் டாக்டர்கள், அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் சைக்கிள் பந்தயத்தை இருவர் பிரிவில் முடித்தார்கள் அல்லவா? அதிலிருந்து இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு மலைச்சாலை என்றால் ஒரு பித்து. அவர்கள் மால்ஷேஜ் சாலையில் ஏறி, ஜுன்னரில் இரவு தங்கி, மறுநாள் காலை முப்பது கிலோமீட்டர் சொச்சம் மிதித்து நாணேகாட் உச்சிக்கு வருவதாக ஏற்பாடு. நான் கீழே வைஷாக்கரேயில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு துணையோடு பழைய பாதையில் நேரே நடந்தேன். முதலில் காடு, பிறகு கல் பாவிய படிகள், கடைசியில் இரு பாறைகளுக்கு நடுவே ஒரு இடுக்கு. மூட்டுவலிக்காரனுக்கு மூன்றரை மணி நேரம் பிடித்தது. பையன்கள் எனக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.

"தாத்தா, எங்களை ஜெயிச்சிட்டீங்க!" என்றான் பேரன்.

"நான் ஜெயிக்கலைடா கண்ணு, பாதை ஜெயிச்சுது" என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னது அல்ல. கணவாய்க்கு மேலே பீடபூமியில் வண்டி ஓடும். பைத்தான் முதலிய ஊர்களிலிருந்து சரக்கு வண்டிகளில் வந்தது என்று 'பெரிப்ளூஸ்' என்னும் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழி நூல் கூறுகிறது. ஆனால் இந்தப் படிகளில் சக்கரம் ஏறாது. பொதிமாடும் மனிதத் தோளும்தான் ஏறும். அதே நூல் பரிகச்சத்தில், அதாவது இன்றைய பரூச்சில், இறக்குமதியான பொருள்களில் மதுவை முதலில் வைத்து, அதிலும் இத்தாலி மதுவுக்குத்தான் மதிப்பு என்கிறது. கல்யாண் துறைமுகத்தையும் குறிப்பிடுகிறது. மேட்டுநிலத்தில் நெவாசா அகழாய்வில் ஆம்போரா என்னும் இரு காது மதுச்சாடியின் ஓடுகள் கிடைத்தன. இங்கே கிடைக்கும் சாடி ஓடுகள் எல்லாமே ரோம நாட்டவை அல்ல, மெசபடோமியப் பக்கத்துச் சாடிகளும் கலந்திருக்கின்றன என்பது பின்னாளைய ஆய்வு. எப்படியானாலும் நிறைசாடி ஒன்று நாற்பது, ஐம்பது கிலோ இருக்கும். அதை இந்த மலையில் யாரோ ஏற்றியிருக்கிறார்கள். நம் பாண்டிநாட்டிலும் யவனர் தேறல் புழங்கியது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் அதைக் குறிக்கிறார்.

கணவாயின் தலைமாட்டில் ஒரு குகை. சாதவாகன அரசி நாகனிகையின் கல்வெட்டு இரு பக்கச் சுவர்களிலும் இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டு என்பது அறிஞர் பலரின் கருத்து. 1828இல் வில்லியம் சைக்ஸ் என்ற ஆங்கிலேயர் இதைக் கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். பின்சுவரில் அரச குடும்பத்தார் சிற்பங்கள் இருந்தன. இப்போது பாதங்களின் தடமும் மேலே பெயர்களுமே மிச்சம். கல்வெட்டில் வேள்விகளும் அவற்றுக்குக் கொடுத்த பசு, குதிரை, காசுக் கணக்கும் வருகின்றன. 24,400 காசு என்பதை 20,000, 4,000, 400 என்று மூன்று குறிகளாகப் போட்டிருக்கிறார்கள், சுழியம் கிடையாது. என் பாட்டனார் பேரேட்டில் ௰, ௱, ௲ என்று எழுதிய முறையும் இதே வகைதான். வியாபாரியான எனக்கு அந்தச் சுவரைப் பார்த்ததும் பழைய பேரேட்டைப் பிரித்த மாதிரி இருந்தது.

குகையைத் தாண்டி உச்சியில் ஒரு பெரிய கற்சாடி இருக்கிறது. வணிகர்கள் சுங்கக் காசை இதில்தான் போட்டார்கள் என்று வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள். பையன்களும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இங்கே சுங்கம் வாங்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. இப்படி ஒரு கணவாயில் எந்த அரசு சும்மா விடும்? ஆனால் நான் படித்த அளவில் இங்குள்ள கல்வெட்டுகளில் சுங்கம் என்ற பேச்சே இல்லை. ஊர்க்காரர் அந்தச் சாடியை 'ராஞ்சண்' என்கிறார்கள். மராத்தி வீடுகளில் தண்ணீர் நிரப்பி வைக்கும் பெரிய சாடிக்குத்தான் அந்தப் பெயர். வெயிலில் காய்ந்து வந்தவனுக்கு உச்சியில் முதலில் தேவைப்படுவது எது என்று ஏறிப் பார்த்தவனுக்குத் தெரியும்.

கல்வெட்டில் இருப்பது தண்ணீர். சுற்றிலும் பாறையில் வெட்டிய தொட்டிகள் பல உள்ளன. பிராகிருதத்தில் இவற்றுக்குப் 'போடி' என்று பெயர் (நம் ஊர் வசவு அல்ல!). ஒன்று சோபாராவைச் சேர்ந்த கோவிந்ததாசன் கொடுத்தது. நம்மில் பலர் குடியிருக்கும் நாலாசோபாராதான் அந்தச் சோபாரா. இன்னொன்று பிற்காலச் சாதவாகன மன்னர் ஒருவரின் 13ஆம் ஆட்சியாண்டில் காமவனத்து இல்லறத்தான் தமகோசன் கொடுத்தது. இந்தக் கருங்கல் மலையில் நான்கு மாதம் மழை கொட்டித் தீர்க்கும். மாசி, பங்குனி வந்தால் ஊற்று வற்றிவிடும். மழைநீரைப் பிடித்துவைக்கும் தொட்டி இல்லையென்றால் பாதையும் இல்லை.

ஜுன்னர் குடைவரைகளிலும் இதே கதை. தானிய வணிகர் குழு ஏழு அறை கொண்ட குகையும் ஒரு தொட்டியும் கொடுத்திருக்கிறது. இரிலன் என்ற யவனன் ஒருவன் இரண்டு தொட்டிகள் கொடுத்திருக்கிறான். இதைப் படித்த அன்று நான் கடையைத் திறக்கவே நேரமாகிவிட்டது. எந்த யவனர் மதுச்சாடி கொண்டுவந்தார்களோ, அந்த யவனரில் ஒருவன் இந்த நாட்டில் கல்லில் எழுதிவைத்த கொடை தண்ணீர்!

எங்கள் சமயத்துக்கும் இதில் பங்கு உண்டு. புணே மாவட்டத்தில், போர்காட் கணவாய்ப் பக்கம், பாலே என்ற ஊரின் குகையில் அருகதரை வணங்கித் தொடங்கும் மிகப் பழைய பிராமிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இந்திரரட்சிதர் என்ற துறவி குகையும் தண்ணீர்த் தொட்டியும் செய்வித்ததை அது சொல்கிறது. நம் மதுரைப் பக்கம் அழகர்மலையில் சமணத் துறவியருக்குக் கற்படுக்கை கொடுத்தவர்களின் பெயர்களோடு உப்பு வணிகன், கொழு வணிகன் என்று தமிழ் பிராமியில் தொழிலும் வெட்டியிருக்கிறது. மொழி வேறு, மதம் வேறு. ஆனால் வழிநடைக்காரனுக்கும் துறவிக்கும் வணிகன் செய்யவேண்டியது இன்னது என்பதில் இரண்டு ஊரும் ஒன்று. நாம் தண்ணீர்ப் பந்தல் என்கிறோம். அவர்கள் போடி என்றார்கள்.

ஒரு சொந்தச் செய்தி. 1980களில், கடை வைப்பதற்கு முன், அலுமினியப் பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஜுன்னர் வட்டாரக் கிராமங்களில் விற்றுவந்தேன். ஒரு சித்திரை மாத நண்பகலில் காட்கர் ஊருக்கு அருகே டயர் வெடித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து மயங்கி உட்கார்ந்துவிட்டேன். மகாதேவ் கோலி இனத்து அம்மாள் ஒருவர் குடத்தோடு வந்து, "பாணி க்யா" என்றார். தண்ணீரை வடிகட்டாமல் குடிப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். துண்டை மடித்துப் பிடித்தேன். ஏன் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. துணியின் மேல் மெதுவாக ஊற்றினார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. என் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பேர் எனக்குத் தெரியாது. தமகோசன் பெயராவது கல்லில் இருக்கிறது.

1863இல் போர்காட் ரயிலும் 1865இல் தல்காட் ரயிலும் திறந்தபின் சரக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நாணேகாட்டில் வணிகர் நடமாட்டம் நின்றது. இப்போது மழைக்காலத்தில் மும்பையிலிருந்தும் புணேயிலிருந்தும் கூட்டம் கூட்டமாக நடக்க வருகிறார்கள். கணவாய்க்கு மறுபடி உயிர் வந்தது மகிழ்ச்சியே. ஆனால் நாங்கள் போன அன்று ஒரு தொட்டியில் எட்டிப்பார்த்த பேரன் பேசாமல் நின்றான். உள்ளே பிளாஸ்டிக் புட்டிகள், சிப்ஸ் உறை, மதுப்புட்டிகள் இரண்டு. "இதைப் படிச்சவங்கதானே தாத்தா போட்டிருப்பாங்க?" என்றான். பையன்கள் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு, கைக்கு எட்டியவரை எடுத்து, மூன்று சாக்கில் கட்டிக் கீழே கொண்டுவந்தார்கள்.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்கு அடுத்த ஞாயிறு, நம் பிள்ளைகளை நாணேகாட்டுக்கு அழைத்துப்போவோம். முடிந்தவர் நடக்கட்டும், முடிந்தவர் சைக்கிளில் வரட்டும், மற்றவர் பஸ்ஸில் வரட்டும். தொல்லியல் துறையினரிடம் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி தொட்டிகளைச் சுற்றிச் சுத்தம் செய்துவிட்டு வருவோம். இந்த மண்ணில் நாற்பது ஆண்டு தண்ணீர் குடித்தவன் கேட்கிறேன். சாக்குச் செலவு என் கடையுடையது.