உச்ச நேர மின்தேவை: பெங்களூரு நிறுவனங்களின் ஜெனரேட்டர்கள் கைகொடுக்குமா?

பெங்களூரு: ஒயிட்ஃபீல்டு, வெளிவட்டச் சாலை ஐ.டி. வளாகங்களிலும் பீன்யா தொழிற்பேட்டையிலும் மின்தடையைச் சமாளிக்க நிறுவப்பட்டுள்ள டீசல் ஜெனரேட்டர்கள், ஆண்டின் பெரும்பகுதி இயங்காமலேயே இருக்கின்றன. மின்தேவை உச்சத்தைத் தொடும் சில மணி நேரம் மட்டும் இவற்றை இயக்கினால், பிற நுகர்வோருக்கு மின்வெட்டைத் தவிர்க்க முடியும் என்பதே இந்த யோசனையின் அடிப்படை.

இதற்காக மின்கட்டமைப்புக்குள் மின்சாரத்தைச் செலுத்த வேண்டியதில்லை. நிறுவனம் தன் சொந்தத் தேவையை ஜெனரேட்டருக்கு மாற்றிக்கொண்டாலே போதும். அந்த அளவு சுமை பெஸ்காம் கட்டமைப்பிலிருந்து நீங்கிவிடும்.

கர்நாடகத்தில் 2023-ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தபோது லிங்கனமக்கி உள்ளிட்ட நீர்மின் அணைகளில் நீர் இருப்பு குறைந்தது. பாசன பம்புசெட்டுகளின் மின்தேவையோ கூடியது. அந்த அக்டோபரில் மின்சாரச் சட்டத்தின் 11-ஆவது பிரிவைப் பயன்படுத்தி, தனியார் மின் உற்பத்தியாளர்கள் உபரி மின்சாரத்தை மாநிலத்துக்கே வழங்க வேண்டும் என அரசு உத்தரவிட்டது. பாவகடா சூரிய மின் பூங்காவின் பகல்நேர உற்பத்தி, விளக்கேற்றும் நேரத்துக்கு உதவுவதில்லை.

ஜெனரேட்டர் யோசனைக்கு இந்தியாவிலேயே முன்மாதிரி உண்டு. புணேயில் 2006-ஆம் ஆண்டு, இந்தியத் தொழில் கூட்டமைப்பின் முயற்சியால், உச்ச நேரத்தில் ஆலைகள் தங்கள் சொந்த மின் உற்பத்தியைப் பயன்படுத்தின. இதனால் விடுபட்ட மின்சாரம் நகரின் மின்வெட்டைப் போக்க உதவியது. கூடுதல் செலவை ஈடுகட்ட நுகர்வோரிடம் தனிக் கட்டணம் வசூலிக்கப்பட்டது.

சிக்கல் செலவில்தான் தொடங்குகிறது. ஒரு லிட்டர் டீசலில் மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரமே கிடைக்கும். லிட்டர் 90 ரூபாய் என்றால் எரிபொருளுக்கு மட்டும் யூனிட்டுக்கு 22 ரூபாய்க்கு மேல் ஆகும். மின்சந்தையில் 2023 ஏப்ரல் முதல் விதிக்கப்பட்ட விலை உச்சவரம்போ 10 ரூபாய். எனவே, சந்தையில் மின்சாரம் கிடைக்கும்வரை ஜெனரேட்டருக்கு வேலையில்லை. எந்த விலைக்கும் கிடைக்காத நாள்களுக்கே இது பொருந்தும்.

புகை இன்னொரு தடை. 800 கிலோவாட் வரையிலான புதிய ஜெனரேட்டர்களுக்கு 2023 ஜூலை முதல் கடுமையான மாசு வரம்புகள் நடைமுறையில் உள்ளன. பழையவை குடியிருப்புகளை ஒட்டியே இயங்குகின்றன. அமெரிக்காவில் அவசரகால ஜெனரேட்டர்களை இவ்வாறு ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை இயக்க அனுமதித்த விதியை, 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது.

மருத்துவமனை ஜெனரேட்டர்களை இத்தகைய திட்டத்தில் சேர்ப்பது சரியல்ல. உச்ச நேரத்தில் ஓடிப் பழுதானால், மின்தடை வரும்போது அறுவைச் சிகிச்சை அரங்குக்கு மாற்று இருக்காது.